ஆகாயத்துக்கும் முத்திரை மரக்கால் வேண்டும்!

தல்லாகுளம் டெலிபோன் ஆபீசுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு நாள் காலை நின்றிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. கூரை மேல் மூன்று கறுப்புக் குச்சிகள். முன் ஸீட்டில் மடியில் லேப்டாப்போடு ஒரு வாலிபன். பார்த்த முகமாக இருக்கிறதே என்று கிட்டே போனேன். மில் தொழிலாளியான நம் தோழர் ஒருவரின் அக்காள் மகன்!

"என்ன மாப்ளே, சினிமாப் படம் எடுக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. டவர் சிக்னலை அளக்குறோம். டிரைவ் டெஸ்டுன்னு பேரு. வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றான்.

போனேன். அன்று பார்த்ததையும், அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் தோழர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. "டவரும் சிக்னலும் நமக்கு எதற்கு? கூலி, போனஸ், பஞ்சப்படி, இதுதானே நம் பிரச்சினை?" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூலிப் பிரச்சினையைத்தான் எழுதுகிறேன்!

அளப்பது எப்படி?

காருக்குள் நான்கு செல்போன்கள் வரிசையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கம்பெனியின் சிம் கார்டு. அவை தாமாகவே போன் போடும், பேசும், வைக்கும், மறுபடி போடும். எத்தனை அழைப்பு போயிற்று, எத்தனை நடுவில் அறுந்தது, குரல் தெளிவாக வந்ததா, படம் இறங்க எத்தனை வினாடி ஆயிற்று என்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது.

பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு ஸ்கேனர் என்று பெயர். அதற்கு சிம் கார்டு கிடையாது. செல்போன் என்பது கம்பெனி வீட்டு வேலைக்காரன் மாதிரி. தன் எஜமான் டவரின் குரலுக்கு மட்டுமே காது கொடுக்கும். ஸ்கேனருக்கு எஜமான் இல்லை. ஆகாயத்தில் எந்தக் கம்பெனியின் அலை எவ்வளவு வலுவோடு வருகிறது என்று எல்லாவற்றையும் அது கேட்டுக்கொள்ளும். தான் ஒரு வார்த்தை பேசாது.

அந்த வலுவை எண்ணால் சொல்கிறார்கள். எண்களெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே. மைனஸ் 80 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110 என்றால் சாகக் கிடக்கிற சிக்னல். வித்தியாசம் 30 தானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பத்து இறங்கும்போதும் வலு பத்தில் ஒரு பங்காகிறது. முப்பது இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு!

கார் ஓட ஓட லேப்டாப் திரையில் மதுரையின் படம். கார் போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாக நிறம் விழுகிறது. பச்சை நல்லது, மஞ்சள் சுமார், சிவப்பு மோசம். சிவப்பு நமக்குப் பிடித்த நிறம்தான். ஆனால் அந்தச் சிவப்பு விழுந்த இடத்தில் பிரசவ வலி எடுத்தாலும் 108-ஐக் கூப்பிட முடியாது.

இந்த ஸ்கேனரை வேலைக்கு ஏவுவதற்கு முன் அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். எந்தெந்த அலைவரிசையைக் கேட்க வேண்டும், எத்தனை வரிசைகளைக் கேட்க வேண்டும், எவ்வளவு அடிக்கடி கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

மில் தோழர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு சைடர் இரண்டு ரிங் பிரேமைப் பார்த்தால் அறுந்த இழை ஒவ்வொன்றையும் பிடித்து ஒட்டிவிடுவார். அவர் தலையில் ஆறு பிரேமைக் கட்டினால்? ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் பத்து இழை அறுந்து கிடக்கும். ஸ்கேனரும் அப்படியே. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். கை நீளத்துக்குள்ளேயே அதன் வலு ஏறி இறங்கும். ஆகையால் நாற்பது அலை நீளத்துக்குள், அதாவது சுமார் 13 மீட்டருக்குள், முப்பத்தாறிலிருந்து ஐம்பது தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் தெரிந்த விதி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த 13 மீட்டரை ஒரு வினாடிக்குள் கடந்துவிடும். கேட்க வேண்டிய வரிசைகளை அளவுக்கு மீறி அடைத்துவிட்டு, காரையும் விரட்டினால் அளவு என்ன அளவு? குத்துமதிப்பு!

அடுத்தது நிறத்தின் எல்லை. எதுவரை பச்சை, எங்கிருந்து மஞ்சள் என்பதை ஆகாயம் சொல்வதில்லை. மனிதன்தான் எண்ணைத் தட்டுகிறான். பச்சைக்கு எல்லை மைனஸ் 95 என்று வைத்தால் ஒரு ஊரில் பாதி மஞ்சளாகத் தெரியும். மைனஸ் 105 என்று தள்ளிவைத்தால் அதே ஊர் அதே நிமிஷத்தில் பச்சையாகிவிடும். டவரில் ஒரு ஆணி கூட அடிக்கவில்லை. ஒரு எண்ணை மாற்றினார்கள், ஊர் செழித்துவிட்டது!

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இதை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம் அல்லவா? குத்தகை நெல்லை வாங்கும்போது பண்ணையாரிடம் ஒரு பெரிய மரக்கால். கூலி அளக்கும்போது ஒரு சின்ன மரக்கால். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 1940-களில் தஞ்சைத் தரணியில் செங்கொடி ஏறியபோது எழுந்த கோரிக்கைகளில் ஒன்று முத்திரை மரக்கால். அளவு என்பது அளக்கிறவன் இஷ்டமாக இருக்கக் கூடாது. சர்க்கார் முத்திரை குத்திய ஒரே மரக்காலில் எல்லாருக்கும் அளக்க வேண்டும் என்று அன்று நம்மவர்கள் அடிபட்டுக் கேட்டார்கள். இன்று ஆகாயத்தை அளக்கிறார்கள். மரக்கால் யார் கையில் இருக்கிறது?

கார் எங்கே திரும்பவில்லை?

அன்று நாங்கள் அழகர்கோவில் ரோட்டில் போனோம். திரும்பி, நத்தம் ரோட்டின் மேல் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் பறக்கும் பாலத்தில் ஏறினோம். திரையெல்லாம் பச்சைப் பசேல்! எப்படி இருக்காது? நிலத்திலிருந்து அத்தனை உயரம். அதற்கு மேல் கார். காருக்கு மேல் குச்சி. மறைப்பு ஏது?

பாலத்துக்குக் கீழே இருப்பவனின் கதையை யார் அளந்தார்கள்? காங்கிரீட் சுவருக்குள் நுழைந்தாலே சிக்னல் பத்து, இருபது இறங்கும். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் மோசம். மில் ஷெட்டுக்குள் வேலை செய்கிற தொழிலாளியின் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவனுக்குச் சேதி ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் கிடைக்கிறது. காரின் கூரையில் பச்சை. தொழிலாளியின் சட்டைப் பையில் சிவப்பு.

"மாப்ளே, மெயின் ரோட்டைவிட்டு உள்ளே போக மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ரூட்டு மேலேருந்து வருது மாமா. இந்தக் கோட்டைத் தாண்டி வண்டி போனா கிலோமீட்டர் கணக்குல எங்களுக்குத்தான் பிடித்தம்" என்றான்.

திரையைக் காட்டினான். ரோட்டின் மேல் வண்ணக்கோடு. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் ஊர்கள் இருக்கின்றன. சேரிகள் இருக்கின்றன. யானைமலையின் மறைவிலும், நாகமலையின் மறைவிலும், அழகர்மலை அடிவாரத்திலும் ஜனங்கள் இருக்கிறார்கள். சிவப்பு விழுந்திருந்தால் "இங்கே குறை இருக்கிறது" என்றாவது ஏட்டில் இருக்கும். வெள்ளைக்குக் குறையும் இல்லை, கேள்வியும் இல்லை. அளக்கப்படாதவன் கணக்கில் இல்லாதவன்!

இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், டிராய் என்கிறார்களே அதுவும், ஏஜென்சிகளை வைத்து இப்படிக் கார் ஓட்டி அளந்து முடிவுகளை வெளியிடுகிறது. நகரங்கள், நெடுஞ்சாலைகள், ரயில் பாதைகள் என்று அளக்கிறது. ஜனக்கூட்டம் உள்ள சில இடங்களில் நின்றும் நடந்தும் கூட அளக்கிறது. அது நல்ல காரியம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரணிக்கும், வயலுக்கும், ரேஷன் கடைக்கும், காலனித் தெருவுக்கும் எப்போது நடக்கப் போகிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிக்னல் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு அழைக்கத் தல்லாகுளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் இரவை நினைத்துப் பாருங்கள். போனில் கோடுகள் நிரம்பி நிற்கும், அழைப்பு போகாது. டவர் அங்கேதான் இருக்கிறது, அலையும் வருகிறது. ஆனால் இருக்கிற பாதையில் இத்தனை பேருக்கும் இடமில்லை. பஸ் வருகிறது, ஏற இடமில்லை என்ற கதை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு நான்கு கோட்டால் என்ன பிரயோஜனம்? ஆகவே காலியான நேரத்தில் அளந்த அளவை மட்டும் காட்டி "எல்லாம் பச்சை" என்று சொன்னால் நாம் ஏமாறக் கூடாது.

ஊரணிக் கரையில் போன கூலி

இப்போது கூலிக் கணக்குக்கு வருகிறேன்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல், எல்லா வேலைத்தளங்களிலும் செல்போன் செயலி வழியாக வருகைப் பதிவு கட்டாயம் என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. காலையில் ஒரு படம், நாலு மணி நேரம் கழித்து இன்னொரு படம், இடத்தின் அடையாளத்தோடு ஏற்ற வேண்டும். ஊழலை ஒழிக்கிறோம் என்றார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், மேலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில், ஊரணி தூர் வாரும் வேலை. பதினெட்டுப் பெண்கள். மண்வெட்டியும் சட்டியுமாக வெயிலில் பாடுபட்டார்கள். பணித்தளப் பொறுப்பாளரான பெண் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரை மேல் ஏறினார். மண் மேட்டில் ஏறினார். கடைசியில் அய்யனார் கோவில் திண்ணையிலும் ஏறினார். படம் ஏறவில்லை! போனை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து ரோட்டுக்குப் போனால் வேலைத்தளத்தை யார் பார்ப்பது? அன்றைய பதிவு கணக்கில் சேரவே இல்லை.

தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு அறிவித்திருந்த நாள் கூலி 294 ரூபாய். பதினெட்டுப் பேருக்கு 5,292 ரூபாய். ஒரு நாள் உழைப்பு ஊரணிக் கரையோடு போயிற்று.

அவர்களில் வயதான ஆத்தா ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஏன்ய்யா, நான் வெட்டுன மண்ணு அந்தா கரையில கெடக்குது. அதக் கண்ணுல பாக்க மாட்டாகளாம், ஆகாசத்துல தேடுவாகளாம். அது என்ன நாயம்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோழர்களே, உங்களுக்கு வருகிறதா?

ஆபீசில் போய்க் கேட்டோம். "உங்கள் ஊரில் சிக்னல் இருப்பதாகத்தான் படத்தில் இருக்கிறது" என்றார்கள். எந்தப் படம்? யார் அளந்த படம்? எப்போது, எந்த உயரத்தில், ஊரணியிலா ரோட்டிலா அளந்த படம்? அதற்குப் பதில் இல்லை. உழைத்தவன் உழைக்கவில்லை என்று படம் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு வழியில்லை! ரேஷன் கடையிலும் இதே கதைதான். கைரேகை வைத்தால் போதாது, கைரேகை ஆகாயத்தில் ஏற வேண்டும். அது ஏறும்வரை வரிசையில் நிற்பது யார்? அன்றாடம் கூலிக்குப் போகிறவள்!

சிக்னல் இருந்தால்தான் கூலி, சிக்னல் இருந்தால்தான் அரிசி என்று சட்டம் போடுகிற சர்க்கார், சிக்னல் இருக்கிறதா என்று அந்த இடத்தில் அளந்து பார்க்க வேண்டாமா? அளக்காமலே கூலியை வெட்டுவது எந்த ஊர் தர்மம்?

பிரதிவாதியே எழுதும் தீர்ப்பு

டிராய் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் புதிய தர விதிகளை வெளியிட்டது. எந்த இடத்தில் தங்கள் சேவை கிடைக்கும் என்பதைக் கம்பெனிகள் வரைபடமாகத் தங்கள் வலைத்தளத்தில் போட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. படம் போடச் சொன்னது சரி. ஆனால் படத்தை வரைவது யார்? கம்பெனியேதான்! கள்ளுக்கடைக்காரனே தன் கள்ளில் தண்ணீர் இல்லை என்று எழுதித் தொங்கவிடும் பலகை அது. அதற்கு என்ன மதிப்பு உண்டோ அந்த மதிப்புத்தான் இதற்கும்.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. முன்பு டிராய் நடத்திய தணிக்கைகளில் "ஆபரேட்டர் உதவியோடு நடத்தும் கார்ச் சோதனை" என்றே ஒரு வகை இருந்தது. பரீட்சை எழுதுகிற பையனே கண்காணிப்பாளருக்குத் துணையாக வந்து உட்காருவதைப் போல! தணிக்கை இன்றி வேறு சோதனைகளும் உண்டு. அவை கம்பெனிகள் தங்கள் சொந்தக் காரியத்துக்காக ஓட்டுகிற கார்கள். நான் ஏறிய கார் அந்த வகை. ஸ்கேனர் எல்லாக் கம்பெனியின் அலையையும் கேட்கும் என்றேன் அல்லவா? பக்கத்துக் கம்பெனி எங்கே பலவீனமாக இருக்கிறது, எந்தத் தெருவில் டவர் வைத்தால் எவன் வாடிக்கையைப் பிடுங்கலாம் என்று பார்க்க அது நல்ல கருவி. கருவியின் மேல் நமக்குக் கோபமில்லை. விஞ்ஞானம் கண்ட நல்ல தராசு அது. தராசைப் பிடித்திருக்கும் கையைத்தான் கேட்கிறோம்.

ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டார்களாம்!

பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்து போகிறது. மறுபடி போட்டால் மறுபடி காசு. இந்த அநியாயத்தைப் பார்த்து 2015 அக்டோபரில் டிராய் ஒரு விதி போட்டது. கம்பெனியின் குறையால் அழைப்பு அறுந்தால், அழைத்தவருக்கு ஒரு ரூபாய் நஷ்டஈடு. ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய். 2016 ஜனவரி 1 முதல் அமல் என்றது.

வெறும் மூன்று ரூபாய்! ஒரு டீக்குக்கூடக் காணாது. அதைக் கொடுக்கவும் மனம் வந்ததா? கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2016 மே 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த விதியையே ரத்து செய்துவிட்டது. ஊரணிக் கரையில் சிக்னல் இல்லாததற்கு ஆத்தாவின் 294 ரூபாயை ஒரே நாளில் வெட்ட முடிகிறது. சிக்னல் கொடுக்காத கம்பெனியிடமிருந்து ஒரு ரூபாயை வாங்க முடியவில்லை!

2024-ன் புதிய விதிகளில் அபராதத்தை 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறார்கள். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றுபோனால் வாடிக்கைக்காரருக்குச் சலுகை உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் முன்னேற்றம்தான். ஆனால் ஒரு ஊரணியில், ஒரு சேரியில், வருஷம் 365 நாளும் சேவை இல்லாமலே கிடந்தால்? அதற்கு மாவட்டம் அசையாது. 10 லட்சம் யாருக்குப் பயம்? 2022 ஆகஸ்டில் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ கம்பெனி ஒன்று மட்டுமே 88,078 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. அந்த யானைக்கு இந்த அபராதம் கொசுக்கடி!

அந்தப் பணத்தை யாரிடமிருந்து எடுக்கிறார்கள்? 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. 155 ரூபாய்த் திட்டம் ஜியோவில் 189 ஆயிற்று. 179 ரூபாய்த் திட்டம் ஏர்டெல்லில் 199 ஆயிற்று. கட்டண உயர்வில் மேடு பள்ளம் இல்லை. தல்லாகுளத்துக்காரனுக்கும் அதே கட்டணம். திண்ணை மேல் ஏறி நின்று போனை உயர்த்துகிறவளுக்கும் அதே கட்டணம். சேவையில் மட்டும் ஏன் இரண்டு மரக்கால்?

லாபம் அவர்களுக்கு, மேடு பள்ளம் நமக்கு

"கிராமத்தில் டவர் வைத்தால் கட்டுபடியாகாது" என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். பொருளாதார நிபுணர்களும் தலையை ஆட்டுவார்கள். அந்த வாதத்தையும் பார்த்துவிடுவோம்.

ஆகாயம் யாருடையது? அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 31-ம் தேதி இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு போயிற்று. கல்கத்தாவிலிருந்து பேசியவர் மேற்கு வங்க முதல் மந்திரி தோழர் ஜோதிபாசு. டில்லியில் கேட்டவர் தகவல் தொடர்பு மந்திரி சுக்ராம். பொதுச்சொத்தைக் குத்தகைக்கு எடுத்தவன், நல்ல வயலை மட்டும் உழுவேன், கரடு கிடக்கட்டும் என்று சொல்ல முடியுமா? குத்தகைச் சீட்டில் கரடும் சேர்ந்துதானே இருக்கிறது?

தொலைவுக்குப் போகும், சுவரைத் துளைக்கும் 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் இருக்கின்றன. கொஞ்ச தூரத்திலேயே ஓய்ந்துபோகும் 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் இருக்கின்றன. முதல் வகையைக் கொண்டு கிராமத்தை மூட முடியும். விஞ்ஞானம் தடையில்லை. லாபக் கணக்குத்தான் தடை.

பணமும் தடையில்லை. கிராமங்களுக்குச் சேவை போக வேண்டும் என்றே 2002-ல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து அதற்குப் போகிறது. வசூலான தொகை முழுவதும் அந்தக் காரியத்துக்குச் செலவாகாமல் கிடந்தது. நாடு சுதந்திரம் அடைந்து எழுபத்தைந்து ஆண்டு ஆகும் தறுவாயில், 2022 ஜூலையில், இன்னும் 24,680 கிராமங்களுக்கு 4ஜி இல்லை என்று மத்திய மந்திரி சபையே ஒப்புக்கொண்டு, 26,316 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. அந்த வேலையை யாரிடம் கொடுத்தது? 88,078 கோடிக்கு ஏலம் எடுத்தவரிடமா? இல்லை! பி.எஸ்.என்.எல்.-இடம் கொடுத்தது. கொழுத்த நகரம் கம்பெனிக்கு. காடும் மேடும் பொதுத்துறைக்கு.

அந்தப் பொதுத்துறையை எந்தக் கதியில் வைத்திருந்தார்கள்? தனியார் கம்பெனி கல்கத்தாவில் 4ஜி தொடங்கியது 2012 ஏப்ரலில். பி.எஸ்.என்.எல்.-ன் 4ஜியைப் பிரதம மந்திரி தொடங்கிவைத்தது 2025 செப்டம்பர் 27-ல். பதின்மூன்று ஆண்டு! காலைக் கட்டிப் போட்டுவிட்டு, "பார், ஓட மாட்டேன் என்கிறான்" என்று கேலி பேசினார்கள். நடுவில், 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில், 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை விருப்ப ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்! சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கம்பி இழுத்த தொழிலாளிக்கு எந்தச் சந்தில் எந்தத் தெரு என்று தெரியும். அவன் போய்விட்டான். இப்போது ரூட்டு மேலேயிருந்து வருகிறது!

காருக்குள்ளும் ஒரு தொழிலாளி

அந்த வாலிபனை நாம் மறந்துவிடக் கூடாது. அவன் இஞ்சினீயரிங் படித்தவன். காலை ஆறு மணிக்குக் காரில் ஏறினால் இரவு பத்துக்கு இறங்குகிறான். பகலெல்லாம் மடியில் லேப்டாப். இரவில் அறையில் உட்கார்ந்து அன்றைய பதிவை அனுப்ப வேண்டும். செல்போன் கம்பெனி ஒரு பெரிய காண்டிராக்டருக்குக் கொடுக்கிறது, அவர் சின்னக் காண்டிராக்டருக்கு, அவர் இன்னொருவருக்கு. கடைசியில் தொங்குகிறவன் இவன். பி.எப். உண்டா என்றேன். சிரித்தான். இ.எஸ்.ஐ.? மறுபடி சிரித்தான். வேலை ஒரு ஊரில் முடிந்தால் அடுத்த ஊருக்குக் கூப்பிடும்வரை சம்பளமும் இல்லை.

பறக்கும் பாலத்திலிருந்து இறங்கும்போது ஒரு கதை சொன்னான். ஒரு நாள் மெயின் ரோட்டில் ஒரு துண்டு முழுக்கச் சிவப்பாக விழுந்ததாம். மேலேயிருந்து போன் வந்ததாம்: "அந்தத் துண்டை விட்டுட்டு மறுபடி ஓட்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டு." ராத்திரி இரண்டு மணிக்கு ஊரே தூங்கும்; டவருக்கு வேலை இல்லை; அழைப்பெல்லாம் அறுபடாமல் போகும். ஓட்டினான். பச்சை வந்தது.

"தப்புன்னு தெரியும் மாமா. முடியாதுன்னு சொன்னா நாளைக்கி வேற பையன் ஓட்டுவான்" என்றான்.

குற்றம் அவன் மேலா? நாளைய சோறு நிச்சயமில்லாதவன் கையில் தராசைக் கொடுத்து, முள்ளை இந்தப் பக்கம் சாய்க்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அளக்கிறவனுக்கு வேலை நிரந்தரமானால்தான் அளவு நேர்மையாகும். அவன் கோரிக்கையும் ஊரணிப் பெண்களின் கோரிக்கையும் ஒன்றுதான்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: எங்கெங்கே அளப்பது என்பதைக் கிராம சபை தீர்மானிக்க வேண்டும். வேலைத்தளம், ரேஷன் கடை, காலனித் தெரு, மில் லைன் வீடுகள், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை கட்டாயம் சேர வேண்டும். கார் போகாத இடத்தில் நடந்து அளக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் அளக்க வேண்டும்.

இரண்டு: எந்த அலைவரிசை, எந்த உயரம், எந்த வேகம், எந்த நேரம், பச்சைக்கு எல்லை எந்த எண் என்பதெல்லாம் முடிவோடு சேர்த்து வெளியிடப்பட வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் எல்லா ஊருக்கும் ஒரே எல்லை. இதுதான் முத்திரை மரக்கால்!

மூன்று: முடிவைத் தமிழில் அச்சிட்டுப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நான்கு: சிக்னல் உண்டு என்று அந்த இடத்திலேயே அளந்து நிரூபிக்காத ஊரில், செல்போன் பதிவைக் காட்டி ஒரு நாள் கூலியையும், ஒரு கிலோ அரிசியையும் மறுக்கக் கூடாது. காகிதப் பதிவேடும் செல்ல வேண்டும்.

ஐந்து: சேவை கொடுக்காத கம்பெனியின் அபராதம் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்கே வர வேண்டும்.

ஆறு: அளக்கும் வேலையைக் கம்பெனிகளின் கையிலிருந்து எடுத்துப் பொதுத்துறையிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலையும் பி.எப்., இ.எஸ்.ஐ.-யும் வேண்டும்.

கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் நடக்குமா? நடக்காது. நாமே அளக்கத் தொடங்குவோம்! ஸ்கேனர் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு வாலிபர் பொறுப்பெடுக்கட்டும். தேதி, நேரம், இடம், எந்தக் கம்பெனி, போன் போயிற்றா இல்லையா, படம் ஏறிற்றா இல்லையா என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். ஊரணியில் எழுதுங்கள், ரேஷன் கடை வரிசையில் எழுதுங்கள், மில் ஷெட்டில் ஷிப்டுக்கு ஷிப்டு எழுதுங்கள். பக்கத்து ஊர் நோட்டோடு சேர்த்துப் பாருங்கள். வெள்ளையாகக் கிடக்கும் அவர்கள் வரைபடம் நம் நோட்டுகளால் நிரம்பும்.

மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று, ஊர்தோறும் கிராம சபை கூடும். அந்த நோட்டோடு போங்கள். பதினெட்டுப் பெண்கள் வெட்டிய மண் அந்தக் கரையில் இன்னும் கிடக்கிறது. அதைச் சாட்சியாக வைத்துத் தீர்மானம் போடுங்கள்.

மரக்காலுக்கு முத்திரை கேட்டு வாங்கிய வர்க்கம் இது. ஆகாயத்துக்கும் வாங்காமல் விடாது!